டப்பா படிக்கிற நர்ஸம்மா

சூசைமேரி ஒரு பாக்கெட்டைக் கையில் வாங்கினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேரே திருப்பிவிடுவார். முன்பக்கத்தில் விற்கிறவன் பேசுகிறான், பின்பக்கத்தில் சட்டத்துக்குப் பயந்து எழுதியிருக்கிறான் என்பது அவருடைய கட்சி. பிஸ்கட்டோ, உப்போ, குழந்தைக்குப் பூசுகிற பவுடரோ, எதுவானாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பொடி எழுத்தைப் படித்து முடித்த பிறகுதான் கொண்டுவந்த ஆளை நிமிர்ந்து பார்ப்பார். இந்த ஆளும் கலப்படம்தானோ என்று கேட்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

நான் பீர் முகம்மது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலை ஒட்டி இருந்த சின்ன மருந்தகத்தில் கம்பவுண்டர். அவர் அங்கே நர்ஸ். பதினேழு வருஷம் ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தோம். அதில் அவர் என்னை முழுசாக நம்பிய நாட்களைக் கூட்டினால் ஒரு பத்து நாள் தேறும். நான் கலக்கி வைத்த இருமல் மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். குழந்தைகளை நிறுக்கும் தராசில் வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்ப்பார். "தப்பா எடுத்துக்காதீங்க பாய், உங்களைச் சொல்லலீங்க, தராசைச் சொல்றேன்" என்பார். எனக்குக் கோபம் வரும். தராசா வாய் திறந்து பதில் சொல்லப்போகிறது?

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியில் வந்ததில்லை, வீட்டுக்காரரால் வந்தது. தேவானந்தம் மில்லில் பிட்டராக இருந்தவர். எண்பத்திரண்டில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். செய்தபடியே சாராயக் கடைப் பக்கம் போகவில்லை. உடம்பு தளர்ந்துவிட்டது என்று டானிக் மட்டும் குடித்தார். மாதத்துக்கு ஆறு பாட்டில் போயிற்று. சாப்பாட்டுக்கு முன் இரண்டு மூடி என்று ஆரம்பித்தது சாப்பாடே வேண்டாம் என்கிற அளவுக்கு வந்தபோதுதான் சூசைமேரி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். இரும்புச் சத்து, அந்தச் சத்து, இந்தச் சத்து என்ற வரிசைக்குக் கடைசியில், ஆல்கஹால் நூற்றுக்குப் பதினொன்று என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. தனக்கு அது தெரியவே தெரியாது என்று தேவானந்தம் கடைசிவரை சாதித்தார். நான் அதை நம்பவில்லை. சூசைமேரியும் நம்பவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் எதையும் யாரையும் படிக்காமல் விட்டதில்லை.

வியாழக்கிழமைகளில் மருந்தகத்தில் தாய்மார் கூட்டம். பிள்ளைகளை நிறுத்து அட்டையில் எழுதுவதற்கு வருவார்கள். வருகிறவர்கள் வீட்டில் வாங்கும் டப்பா எதையாவது கொண்டுவர வேண்டும் என்பது சூசைமேரி வைத்த சட்டம். பெஞ்சின் மேல் வரிசையாக டப்பாக்கள் நிற்கும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து விசாரணை நடத்துவார்.

"இதுல என்னென்ன போட்டிருக்காங்கன்னு பேர் வரிசை இருக்குது பாருங்க. எது நெறைய இருக்குதோ அதைத்தான் முதல்ல எழுதோணும், அது சட்டம். முதல்ல என்ன இருக்குது? மால்ட். ரெண்டாவது? சக்கரை. டப்பா மேல படம் போட்டிருக்கானே, பாலு, பாதாம்பருப்பு, அது எங்க இருக்குதுன்னு தேடுங்க. கடைசிக்கு முந்தின பேரு. ஒரு டப்பாவுக்கு ஒரு பாதாம்பருப்பு போட்டிருப்பானாங்கறதே சந்தேகம்."

சத்துப் பட்டியலை அவர் பிரிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். "நூறு கிராம்ல இத்தனை கிராம் புரதம்னு போட்டிருக்குது. நீங்க ஒரு டம்ளருக்கு எவ்வளவு போடறீங்க? ரெண்டு ஸ்பூனு. நூறு கிராமையும் ஒரே டம்ளர்ல கொட்டுனா ஸ்பூனு நட்டுக்கிட்டு நிக்குமுங்க. அவன் சொன்னது பொய்யில்லை. நாமளா ஏமாந்துபோட்டோம்." அந்தக் காசுக்குக் கடலக்காய் எத்தனை படி வரும், ராகி எவ்வளவு வரும், வாரத்துக்கு எத்தனை முட்டை வரும் என்று விரல்விட்டுச் சொல்வார். பருப்பும் கீரையும் சோற்றோடு பிசைந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊட்டினால் போதும், எந்த டப்பாவும் வேண்டாம் என்பார். எண்ணெய்ப் பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "கடலக்காயில அது எப்பங்க இருந்துச்சு, இப்ப இல்லைன்னு சொல்றதுக்கு? எந்தச் செடியிலயும் கிடையாது."

இப்படித்தான் அந்தப் பகுதியில் அவருக்கு டப்பா படிக்கிற நர்ஸம்மா என்று பேர் வந்தது. நர்ஸம்மா பார்த்துச் சொன்னால் சரி என்று ஆகிவிட்டது. ஊரையே சந்தேகப்படுகிற ஒருத்தரை ஊர் இவ்வளவு நம்பியதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

தொண்ணூற்றாறு தை மாதம் ஒரு வியாழக்கிழமை, வெங்கடலட்சுமியம்மாள் மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்த அரங்கசாமி நாயுடுவின் வீட்டம்மாள். மருமகள் ராதாமணி கிணத்துக்கடவுப் பெண், பி.காம் படித்தவள். அவளுக்குத் தாய் இல்லை. அண்ணன் சென்னகேசவன்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண் துணை இல்லாததால் பிரசவம் முடிந்து புகுந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். குழந்தை நவநீத்துக்கு அன்றைக்கு இருபது நாள், எடை மூன்று கிலோ. தாய்க்கு மார்பில் சீழ்க்கட்டி வந்து அறுத்திருந்தார்கள். பால் நின்றுபோய்விட்டது. டப்பாப் பால் கொடுக்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டப்பா இல்லாமலே பிள்ளை வளர்க்கச் சொல்கிற சூசைமேரி, வேறு வழியில்லை என்று கண்டபிறகு அந்தக் கடையில் வாங்காதே, இந்தக் கடையில் வாங்கு என்று ஆரம்பித்தார்.

அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவை அவர் விசாரித்த அழகை நான் மறக்கவில்லை. தேதி பார்த்தார், பேட்ச் நம்பர் பார்த்தார், சீல் உடைந்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார், அடியில் தட்டிப் பார்த்தார். தண்ணீரை எத்தனை நிமிஷம் கொதிக்கவைக்க வேண்டும், மீந்த பாலை ஏன் கொட்டிவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். முப்பது மில்லித் தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலை தட்டி, என்று படித்துச் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குள் உள்ளே ஒரு ஆள் காலில் ஆணி ஏறி வந்துவிட்டதால் நான் கட்டுப்போடப் போய்விட்டேன். மிச்சப் பேச்சு எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் குழந்தை மூன்று கிலோ ஐம்பது. அதற்கடுத்த வாரம் மூன்று கிலோ நூறு. அந்த வயதில் வாரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு கிராம் ஏற வேண்டும். அதற்கும் அடுத்த வாரம் ஐம்பது கிராம்தான் ஏறியது. குழந்தை பாலைக் குடிக்கிறது, வாந்தி இல்லை, பேதி இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி அழுகிறது என்றார்கள். தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

சூசைமேரிக்கு இது போதாதா?

முதலில் சந்தேகம் என் தராசின் மேல் விழுந்தது. ஒரு கிலோ கல்லோடு நிற்காமல், மூன்று கிலோ அரிசியை இரண்டு கடையில் நிறுத்துக் கொண்டுவந்து என் தராசில் போட்டுப் பார்த்தார். தராசு பிழைத்தது. பிறகு மருந்துக்கடைக்காரர் மேல் பாய்ந்தார். போலி டப்பா நடமாடுகிறதாம், யாரோ சொன்னார்களாம். கடைக்குப் போய் அலமாரியில் இருந்த எல்லா டப்பாவின் பேட்ச் நம்பரையும் எழுதிக்கொண்டு வந்தார். அந்த மனுஷர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங் பாய், எங்க தாத்தா காலத்துக் கடைங்க இது" என்று வருத்தப்பட்டார். டப்பா அசல்தான்.

பிறகு ஒருநாள் வெங்கடலட்சுமியம்மாள் பேச்சுவாக்கில், ஒரு டப்பா பத்து நாளைக்கு வருகிறது என்றார். அவர்கள் போனதும் சூசைமேரி காகிதத்தில் கணக்குப் போட்டார். அரைக்கிலோ டப்பா ஐந்தாறு நாளைக்கு மேல் வரக்கூடாது.

"பாதிப் பொடிதான் குழந்தைக்குப் போகுது பாய். யாரோ கையைச் சுருக்கறாங்க."

"யாருங்க சுருக்குவாங்க? பட்டறை நல்லாத்தானே ஓடுது? ஒரே பேரன்."

"வசதி இருக்கறவங்கதான் பாய் கையைப் புடிச்சுச் செலவு பண்ணுவாங்க. அந்தம்மா பெரிய கெட்டி. பருப்பை எண்ணிப் போடற கை. மருமக தாயில்லாப் புள்ளைதானேன்னு நெனைச்சுப்போட்டாங்க."

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கிற ஆளா? ராதாமணி ஒருநாள் தனியாக வந்தபோது அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "கண்ணு, பாலை உங்க அத்தை கலக்கறாங்களா, நீ கலக்கறியா? அவங்க கலக்கறப்போ சித்தக் கிட்ட நின்னு பாரு. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. அடுத்த வாரம் வெங்கடலட்சுமியம்மாள், நான் கலக்குவது பகலில் இரண்டு தடவைதான், மற்றதெல்லாம் மருமகள்தான் என்று சொல்ல, சந்தேகம் அப்படியே மறுபக்கம் புரண்டது. "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. புண்ணு வலி, தூக்கமில்லை, சின்ன வயசு. அவசரத்துக்குத் தண்ணியைக் கூட்டி ஊத்திப்போடுதோ என்னவோ, ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்று அவரிடமும் ஓதிவிட்டார்.

ஒரு வீட்டைக் கெடுக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? மாமியார் டப்பாவுக்குள் பொடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பேனாவால் வெளியே கோடு போட்டு வைத்தார். மருமகள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமியார் கலக்கினால் மருமகள் பின்னால் வந்து நிற்பாள். மருமகள் கலக்கினால் மாமியார் கதவோரம் நிற்பார். ராதாமணியின் கணவன் லாரி சம்பந்தமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவன், வீட்டுக்கு வந்த இரண்டு நாளும் சண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டான். இதெல்லாம் அரங்கசாமி நாயுடு எங்கள் மருந்தகத்துக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தபோது வாய்விட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்ல மனுஷர், கண் கலங்கிவிட்டார். எங்கே தொடங்கியது இந்த வினை என்று தெரியாமல் தவித்தார். எனக்குத் தெரியும். சொல்லத்தான் தைரியம் இல்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

பிறந்த ஒன்பதாவது வாரம் நவநீத் மூன்று கிலோ முந்நூறு. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே சென்னகேசவன் கார் எடுத்துக்கொண்டு வந்து, தங்கையையும் குழந்தையையும் கிணத்துக்கடவுக்குக் கூட்டிப்போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, பெரியவர்கள் வந்து பேசாமல் என் தங்கை இந்தப் படி ஏற மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

சூசைமேரி நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில், "பாய், கெளம்புங்க, கிணத்துக்கடவு போயிட்டு வரலாம். அங்க மாமியாரும் இல்லை, கடைக்காரரும் இல்லை. புள்ளை எடை ஏறியிருந்தா மாமியார்தான். ஏறலைன்னா அந்த மருமகப் புள்ளைதான்" என்றார். போலீஸ்காரர் பேச்சு. தராசைத் துணிப்பையில் வைத்து என் கையில் கொடுத்தார். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்தோம்.

சென்னகேசவன் வீடு ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புக்கு நடுவில். மனுஷர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஓயாமல் குறை சொன்னார். சூசைமேரி இளநீரைக் கீழே வைத்துவிட்டு முதலில் குழந்தையை நிறுத்தார். மூன்று கிலோ முந்நூறு. ஒரு கிராம் ஏறவில்லை.

அவர் ராதாமணியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாட்டிக்கொண்டாயா என்கிற பார்வை.

"கண்ணு, பசிக்கு அழுகறான் பாரு. பாலைக் கலக்கு. நான் பார்க்கோணும்."

ராதாமணி கொதித்து ஆறிய தண்ணீரைத் தொண்ணூறு மில்லி அளந்து ஊற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளித் தட்டு இருந்தது, அதில் வெள்ளிச் சங்கு, வெள்ளிக் கிண்ணம், வெள்ளிக் கரண்டி. தாய்மாமன் சீராகச் சென்னகேசவன் செய்து போட்டவை. அவள் அந்த வெள்ளிக் கரண்டியை எடுத்துப் பொடியை அள்ளி, கத்தியின் முதுகால் தலை தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டாள். ஒரு பிசகும் இல்லை. கலக்கிய பால் மோர்த்தண்ணி நிறத்தில் இருந்தது.

சூசைமேரி எழுந்து நின்றுவிட்டார்.

"டப்பாவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கரண்டி இருக்குமே கண்ணு, அது எங்கே?"

"இருக்குதுங்க. பொடிக்குள்ள கெடக்கும். ஒவ்வொரு டப்பாவுலயும் வரும், நாங்க எடுக்கறதில்லீங்க."

அவரே கையைக் கழுவிக்கொண்டு பொடிக்குள் விட்டுத் துழாவி அந்தக் கரண்டியை எடுத்தார். வெள்ளிக் கரண்டியால் ஒருமுறை அள்ளி, தலை தட்டி, அதற்குள் போட்டார். பாதி நிறைந்தது. இன்னொரு முறை போட்டார். மட்டமாக நிறைந்தது. அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிறந்த ஒன்பது வாரத்தில் ஏழு வாரம் அந்தக் குழந்தை அரைப் பட்டினி கிடந்திருக்கிறது. திருடரும் இல்லை, கஞ்சரும் இல்லை.

சென்னகேசவன்தான் முதலில் பேசினார். "யாருங்க இதுல போடச் சொன்னது? அந்தம்மாதானுங்களே? வெள்ளிச் சீரை ஊருக்குக் காட்டோணும், புள்ளை எக்கேடு கெட்டா என்ன. நான் விடமாட்டேனுங்க."

"அத்தை இல்லீங்க அண்ணா" என்றாள் ராதாமணி. பிறகு சூசைமேரியைப் பார்த்தாள். "நீங்கதானுங்க சொன்னீங்க, நர்ஸம்மா."

"நானா?"

"அன்னைக்கு, முதல் நாளுங்க. அத்தை கேட்டாங்க. தாயில்லாப் புள்ளைக்கு அண்ணன் ஆசையாச் செஞ்சு போட்டிருக்காரு, அதை ஒதுக்கிப்போட்டுப் பிளாஸ்டிக்குல அளந்தா அம்மணி மனசு கஷ்டப்படும், வெள்ளிக் கரண்டியிலயே போடலாமுங்களான்னு கேட்டாங்க. நீங்க தேதியைப் பார்த்துட்டு இருந்தீங்க. பிளாஸ்டிக்கு என்ன கண்றாவியில செஞ்சதோ, வெள்ளி சுத்தமுங்க, கொதிக்க வெச்சுப் போடுங்கன்னு சொன்னீங்க."

சூசைமேரி டப்பாவை எடுத்துத் திருப்பினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்காமலே என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். இந்த டப்பாவுடன் வரும் கரண்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அளவுப் பட்டியலுக்கு நேர்கீழே போட்டிருந்தது. பொடி எழுத்துக்கூட இல்லை. கொஞ்சம் பெரிய எழுத்துத்தான்.

முதலில் சூசைமேரி குழந்தையைப் பார்த்தார். அந்தப் பாலைக் கொட்டிவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியைக் கொதிக்கவைத்து, புதிதாகக் கலக்கிச் சங்கில் ஊற்றித் தானே புகட்டினார். நவநீத் குடித்தான். குடித்துவிட்டு அழவில்லை. மடியிலேயே தூங்கிப்போனான். அந்தத் தூக்கத்தைப் பார்த்து ராதாமணி அழுதாள், சத்தமில்லாமல், நெடுநேரம்.

சென்னகேசவன் விடவில்லை. நர்ஸம்மா சொன்னாலும் கேட்டது மாமியார்தானே, அவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்றார். இந்த இடத்தில் நழுவிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. யார் சொன்னது, யார் கேட்டது என்று இனி எதற்கு, குழந்தை தேறினால் சரி என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. நான் கண்ணால் ஜாடைகூடக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"தப்பு என்னுதுங்க. வேற யாருதும் இல்லை. நான் படிச்சுச் சொல்லியிருக்கோணும், படிக்காமயே சொல்லிப்போட்டேன். இன்னொண்ணும் இருக்குதுங்க. உங்க தங்கச்சிகிட்ட மாமியாரைச் சந்தேகப்படுன்னு சொன்னதும் நான்தான். அந்தம்மாகிட்ட மருமகளைச் சந்தேகப்படுங்கன்னு சொன்னதும் நான்தான். அவங்க உங்க சீருக்கு மரியாதை குடுத்தாங்க. நான் அவங்களைக் கஞ்சம்னு பேசினேன். நாளைக்கு அவங்க ஊட்டுக்குப் போயி இதே வார்த்தையைச் சொல்லுவேனுங்க. நீங்க என்னை என்ன வேணாலும் சொல்லுங்க."

சென்னகேசவன் தலையைக் குனிந்துகொண்டார். ராதாமணிதான் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் அன்னைக்கே டப்பாவைப் படிச்சேனுங்க, நர்ஸம்மா. உள்ள இருக்கற கரண்டிதான்னு எழுதியிருந்ததைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன். ஊட்டுல அத்தையைச் சந்தேகப்பட்டேன், அவங்க என்னைச் சந்தேகப்பட்டாங்க. உங்களை மட்டும் ரெண்டு பேரும் சந்தேகப்படலீங்க."

சொன்னபடியே சூசைமேரி மறுநாள் அரங்கசாமி நாயுடு வீட்டுக்குப் போனார். வெங்கடலட்சுமியம்மாள் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அன்றைக்கே கிணத்துக்கடவுக்குப் போய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். பத்து நாளில் நவநீத் நானூறு கிராம் ஏறினான். அதற்கப்புறம் அவர்கள் எங்கள் மருந்தகத்துக்கு வரவில்லை, வேறு இடத்தில் நிறுத்தார்கள். அந்த எடைகூட நாயுடு சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்குக் கிணத்துக்கடவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் சூசைமேரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். தராசு என் மடியில். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான், அதுவே பெரிசு என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை.

"பாய், பன்னெண்டு வருஷமுங்க. வாரா வாரம் இருபது, முப்பது பேரு. டப்பாவை நீட்டுவாங்க, நான் சொல்லுவேன், அப்படியே கேட்டுட்டுப் போயிருவாங்க. திரும்பி வராதவங்க எத்தனை பேரு. எடை ஏறாத புள்ளைங்க எத்தனை. அவங்க ஊட்டைப் பத்திப் பேசி இருக்கறனே தவிர, நான் என்ன சொன்னேன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லீங்க. வேற யாருக்காவது இப்படிச் சொல்லியிருப்பனுங்களா பாய்?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கமான சந்தேகப் பார்வை இல்லை, நான் எது சொன்னாலும் நம்பத் தயாராக இருந்த பார்வை. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"தெரியலீங்கம்மா" என்றேன்.